நடுவில் விட்ட இரண்டு வரி

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த நாளில் எனக்குத் தெரிந்த கன்னடச் சொற்கள் இருபது இருந்தால் அதிகம். தெரியாத ஒரு சொல்லை அவற்றில் ஒன்றாகக் காதில் வாங்கிக்கொண்டு, ஒரு வருஷம் முழுக்க ஒன்பது பிள்ளைகளைப் படுத்தி எடுத்தேன். அல்லது அவர்கள் என்னைப் படுத்தி எடுத்தார்கள். எது சரி என்று ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்களுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். உதவுமா என்பது வேறு விஷயம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

1. சிவப்பு மையில் ஓர் எழுத்து

தொண்ணூற்று இரண்டாம் வருஷம் ஜூன் மாதம். கல்யாணமாகித் திருப்பத்தூரிலிருந்து வந்து காக்ஸ் டவுனில் ஒரு வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் குடியிருந்தோம். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு தமிழ் மீடியம் ஹைஸ்கூலில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. ஊரில் காவிரிக் கலவரம் ஓய்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. "பஸ்ஸுல வாயத் தொறந்தா கன்னடம் பேசு, வரலன்னா வாயத் தொறக்காத" என்று என் வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் போகும் வழியெல்லாம் கடைப் போர்டுகளைப் பார்த்து எழுத்துக் கூட்டிக்கொண்டே போவேன். தொட்ட என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் பஸ்களில் நிறைய இருக்கும். 'தொட்ட' என்றால் பெரிய என்று ஒரு கண்டக்டர் சொல்லித் தந்தார். அன்றைக்கெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை, பாதிக் கன்னடம் வந்துவிட்ட மாதிரி நடந்தேன்.

எனக்கு முன்னால் கணக்கு எடுத்தவர் ரத்னம்மா மிஸ். மே மாதம் ரிட்டயராகிப் போய்விட்டார். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர். பாடம் தமிழில் நடத்துவார், குறிப்பெல்லாம் கன்னடத்தில் எழுதுவார் என்று சொன்னார்கள். அவர் விட்டுப்போன ரெஜிஸ்டரைப் புரட்டினேன். பத்தாம் வகுப்புக்கு வரும் நாற்பது பேரில் ஒன்பது பேருடைய பெயருக்கு நேராக மட்டும் சிவப்பு மையில் ஒரு கன்னட எழுத்து இருந்தது. 'த'. அந்த எழுத்து எனக்குத் தெரியும் என்பதில் ஒரு சந்தோஷம்.

அட்டெண்டர் முனியப்பா சாக்பீஸ் டப்பாவோடு வந்தார். அவரிடம் கேட்டேன்.

"முனியப்பாண்ணா, இந்த 'த' என்னது?"

அவர் எட்டிப் பார்த்தார். "அதுவா மிஸ், தட்ட. தட்ட மக்களு. ரத்னம்மா மிஸ் எழுதி வெச்சது." சொல்லிவிட்டு மணி அடிக்க ஓடிவிட்டார்.

'தட்ட' என்று ஒரு சொல் கன்னடத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. தெரியாத சொல் என் காதில் தெரிந்த சொல்லாக விழுந்தது. தொட்ட மக்களு. மக்கள் என்றால் கன்னடத்தில் பிள்ளைகள் என்பதும் தெரியாது. பெரிய மனுஷர்கள், பெரிய ஆட்கள் என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன். வகுப்பிலேயே கெட்டிக்காரர்கள் இந்த ஒன்பது பேர், ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு ரத்னம்மா மிஸ் பொறுக்கி வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். முதல் நாளே இப்படி ஒரு பட்டியல் கையில் கிடைத்ததே என்று அந்த அம்மாளுக்கு மனசுக்குள் நன்றியும் சொன்னேன்.

2. முன் பெஞ்ச்

வகுப்பில் போய் அந்த ஒன்பது பெயரையும் வாசித்தேன். பெரும்பாலும் கடைசி இரண்டு பெஞ்சுகளிலிருந்து எழுந்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கடைசியில் உட்கார வைக்கும் ஸ்கூல் இது என்ன ஸ்கூல் என்று குழப்பமாக இருந்தது. எல்லோரையும் முன் பெஞ்சுக்கு வரச் சொன்னேன்.

"உங்களப் பத்தி ரத்னம்மா மிஸ் எழுதி வெச்சிட்டுத்தான் போயிருக்காங்க. தொட்டன்னு போட்டிருக்காங்க. எனக்குத் தெரியும் நீங்க யாருன்னு. நாளைலேர்ந்து காலைல எட்டு மணிக்கு உங்க ஒம்போது பேருக்கு மட்டும் ஸ்பெஷல் கிளாஸ்."

வகுப்பில் யாருக்கோ புரையேறியது. அந்த ஒன்பது பேரில் லோகேஸ்வரி என்ற பெண் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், இருமல் நின்றுவிட்டது. ஒல்லியாக, மற்றவர்களைவிட ஒரு வயது கூடத் தெரிகிற பெண். அவள் என்னை நேராகப் பார்த்து, "சரிங்க மிஸ்" என்றாள்.

அந்த லோகேஸ்வரியின் அம்மா இரண்டாவது வாரம் என்னைப் பார்க்க வந்தார். வேலைக்குப் போகிற அவசரத்தில் கேட்டுக்கு வெளியிலேயே நின்று பேசினார்.

"மிஸ், இவ நைன்த்ல ஒரு வாட்டி ஃபெயிலு. இந்த வாட்டி எஸ்.எஸ்.எல்.சி. பாஸானா பி.யு.சி. படிக்கட்டும்னு அவங்கப்பா சொல்லியிருக்காரு. இல்லன்னா ஜூன்லேர்ந்து பீன்யா. பெரியவ அங்க கார்மெண்ட்ஸ்ல கீறா, இவளுக்கும் எடம் சொல்லி வெச்சிட்டா. பாஸாவாளா மிஸ்?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? ஃபர்ஸ்ட் கிளாஸே வாங்குவா" என்றேன். அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். ஒன்பதாவதில் ஃபெயில் என்றாரே என்று எனக்கும் ஒரு கணம் இடறியது. பெரிய மூளைக்காரப் பிள்ளைகளுக்குச் சில வருஷம் அப்படி ஆகும், உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

3. குறைந்துபோன தோசை

முதல் யூனிட் டெஸ்ட் வைத்தேன். இருபத்தைந்துக்கு லோகேஸ்வரி மூன்று. மற்ற எட்டுப் பேரும் ஒன்பதைத் தாண்டவில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த சுந்தரம் என்ற பையன் இருபத்து நான்கு வாங்கியிருந்தான். அவன் பெயருக்கு நேராக ரெஜிஸ்டரில் எதுவும் இல்லை. மனப்பாடப் பேர்வழியாக இருக்கும் என்று பேப்பரைக் கொடுத்துவிட்டு அடுத்த பையனைக் கூப்பிட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் அழுதேன். இருப்பதிலேயே நல்ல பிள்ளைகளை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள், அவர்களுக்கே மூன்று மார்க் வருகிறது என்றால் நான் என்ன லட்சணத்தில் நடத்துகிறேன்? மற்ற முப்பத்தொரு பேரில் யாராவது மூன்று வாங்கியிருந்தால், அது மக்கு, நாம் என்ன செய்ய முடியும் என்று விட்டிருப்பேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது உண்மை.

மறுநாள் காலை லோகேஸ்வரியைக் கூப்பிட்டேன். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள். கெட்டிக்காரப் பெண் ஒன்றை எழுதினால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும் இல்லையா? அந்தக் காரணம் தெரிந்தால் என் தப்பு தெரிந்துவிடும் என்று நம்பினேன்.

"இது எப்படி வந்துச்சுன்னு எனக்குச் சொல்லிக் குடு."

"மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு மிஸ். கீழ ரெண்டும் மூணும் அஞ்சு."

நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். "சரி. அரைத் தோசை வெச்சிருக்க. அதுக்கு மேல இன்னொரு துண்டு போடறேன். இப்ப அரையவிட ஜாஸ்தியா கம்மியா?"

"ஜாஸ்தி."

"அஞ்சுல ரெண்டு?"

அவள் ஸ்லேட்டு மாதிரி உள்ளங்கையில் விரலால் போட்டுப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். "ஐயோ, தோசை கொறஞ்சு போச்சு மிஸ்!"

தப்பு விடை எழுதிய ஒரு பிள்ளையிடம் ஏன் அப்படி எழுதினாய் என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் தினமும் கேட்டேன். ஒன்றைப் புரியவைக்க மூன்று வழி தேடினேன். "நான்தான் சரியா சொல்லல, இன்னொரு மாதிரி சொல்றேன்" என்று தினமும் நாலு தடவையாவது சொல்லியிருப்பேன். அதை நான் சொல்லும்போதெல்லாம் அந்த ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். எதற்கென்று புரியாது.

இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு. கெட்டிக்காரர்களுக்குக் கணக்குப் போடும்போது எல்லா வரியும் எழுதினால் அவர்களைக் கேவலப்படுத்துகிற மாதிரி இருக்கும் என்று நினைப்பேன். முதல் வரி, கடைசி வரி எழுதிவிட்டு, "நடுவுல ரெண்டு வரி, உங்களுக்கே தெரியும், நீங்களே போட்டுக்குங்க" என்று அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். அவர்கள் நோட்டில் இரண்டு கோடு இடம் விட்டு எழுதிக்கொள்வார்கள். மறுநாள் காலை அந்த இடம் நிரம்பியிருக்கும். சில நாள் ஒன்பது நோட்டிலும் ஒரே தப்பு இருக்கும். ஒன்பது பேரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தப்பு செய்வது எப்படி? இது கர்நாடகாவில் சொல்லித் தரும் முறையோ என்று சந்தேகப்பட்டு, கன்னட மீடியம் புத்தகம் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். அதில் அப்படி ஒன்றும் இல்லை. குழப்பம்தான் மிச்சம்.

செப்டம்பர் டெஸ்டில் லோகேஸ்வரி இருபத்தைந்துக்குப் பதினான்கு வாங்கினாள்.

4. ஸ்டாஃப் ரூம்

தசரா லீவுக்கு முந்தின வாரம் எங்கள் எச்.எம். ஜெயபால் சார் காலை எட்டேகாலுக்கு வகுப்பு வாசலில் வந்து நின்றார். போர்டில் ஒரு வட்டமும் இரண்டு தொடுகோடுகளும் வரைந்து ரைடர் நடத்திக்கொண்டிருந்தேன். ரைடர் என்றால் தேற்றத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகள் தாங்களாக நிரூபிக்க வேண்டிய கணக்கு. பரீட்சையில் பாதிப் பேர் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். சார் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இன்டர்வெல்லில் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார்.

"என்னம்மா கலைவாணி, அந்த ஒம்போது பேருக்கு ரைடர்லாம் நடத்துறீங்க?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ் வரணும்ல சார். தொட்ட பிள்ளைங்களாச்சே."

"யாரு?"

"தொட்ட மக்களு சார். ரத்னம்மா மிஸ் ரெஜிஸ்டர்ல போட்டிருக்காங்களே, 'த'ன்னு."

சார் ரெஜிஸ்டரை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்க ஆரம்பித்தது.

"அம்மா, அது தொட்ட இல்ல. தட்ட. தட்டன்னா மக்கு. மக்களுன்னா புள்ளைங்க. மக்குப் புள்ளைங்கன்னு எழுதி வெச்சிட்டுப் போயிருக்காங்கம்மா!"

ஸ்டாஃப் ரூமே சிரித்தது. டீ கொண்டுவந்த முனியப்பா மட்டும் சிரிக்கவில்லை. "நான் தட்டன்னுதானே மிஸ் சொன்னேன்" என்று அழாத குறையாக நின்றார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்வது?

சிரித்து முடித்ததும் ஜெயபால் சார் என்னைத் தன் அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னார்.

"மனசுல வெச்சுக்காதீங்க. ஆனா லீவு முடிஞ்சதும் இத நிறுத்திடுங்க. இந்த மாதிரி புள்ளைங்களுக்குன்னு நம்ம கிட்ட ஒரு ஷீட் இருக்கு. நாலு தேற்றம் மனப்பாடம், ஒரு கிராஃப், தொடுகோடு வரையறது ரெண்டு, கணங்கள்ல வென் படம். வேற ஒண்ணும் தொட வேணாம். முப்பத்தஞ்சு வந்துடும்."

"அவங்க இப்ப கொஞ்சம் நல்லா போடறாங்க சார்."

"இருக்கலாம்மா. நான் கெட்டவன் இல்ல. நானும் வந்த புதுசுல எல்லாருக்கும் எல்லாம் நடத்துனேன். பாதி பேரு முப்பத்தி ரெண்டு, முப்பத்தி மூணுல நின்னுட்டாங்க. ஒரு பையன் வீட்ட விட்டே போயிட்டான். முப்பத்தஞ்சு வாங்குனா அதுங்களுக்கு ஒரு வாசல் தொறக்கும். முப்பத்தி நாலுக்கு ஒண்ணுமே இல்ல. உங்க ஆசைக்கு அதுங்க பலியாகக் கூடாது."

அவர் சொன்னதில் எனக்கு ஒரு சொல்கூடத் தப்பாகத் தெரியவில்லை. அதுதான் தொல்லையாகப் போயிற்று.

5. ஷீட்

லீவு முழுக்க மனசு ஒரு நிலையில் இல்லை. முதலில் பிள்ளைகள் மேல் கோபம் வந்தது. நாலு மாதம் என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றியது. அப்புறம், அவர்கள் எங்கே ஏமாற்றினார்கள், நானாகப் போய் விழுந்தேன் என்று தோன்றியது. லோகேஸ்வரி பதினான்கு மார்க் வாங்கியது நிஜமா, ஏதாவது தற்செயலா? மக்கு என்று தெரிந்த பிறகு அந்தப் பதினான்கு எனக்குப் பதினான்காகத் தெரியவில்லை. அதே பேப்பர், அதே எழுத்து, என் கண் மட்டும் மாறிவிட்டது. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

லீவு முடிந்த முதல் காலையில் சைக்ளோஸ்டைல் எடுத்த ஒன்பது ஷீட்டுகளோடு போனேன். விநியோகம் பண்ணினேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். லோகேஸ்வரி எழுந்தாள்.

"மிஸ், யாராச்சும் சொல்லிட்டாங்களா?"

"என்னது?"

"நாங்க தட்டன்னு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும் மிஸ். நீங்க தொட்டன்னு சொன்னப்பவே கிளாஸுக்கே தெரியும்."

"ஏன்டி ஒருத்தரும் சொல்லல?"

மற்ற எட்டுப் பேரும் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள்தான் பேசினாள். "எங்கள யாரும் தொட்டன்னு கூப்ட்டதே இல்ல மிஸ். கொஞ்ச நாளு இருக்கட்டும்னு பாத்தோம். அப்புறம் சொல்ல பயமாயிடுச்சு. நீங்க கண்டுபுடிச்சிடக் கூடாதுன்னு தினம் சாயங்காலம் எங்க வூட்டுல ஒக்காந்து அந்த ரெண்டு வரியப் போட்டோம். வரலன்னா சுந்தரத்தக் கேப்போம். அவன் வந்து சொல்லித் தருவான்."

ஒன்பது நோட்டிலும் ஒரே தப்பு ஏன் வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. அந்த நாட்களில் சுந்தரத்துக்கும் தெரிந்திருக்காது.

"இந்த ஷீட் வேணாம் மிஸ். ரைடரே நடத்துங்க" என்றாள்.

"ஃபெயிலாயிட்டா?"

"ஃபெயிலாயிட்டா பீன்யா. எனக்குத் தெரியாதா மிஸ்?"

நான் வீராவேசமாக எதையும் சொல்லவில்லை. ஷீட்டைக் கிழித்துப் போடவும் இல்லை. அதை வீட்டில் வைத்துப் படியுங்கள், இங்கே ரைடர் நடத்துகிறேன் என்று இரண்டுங்கெட்டானாக ஒரு ஏற்பாடு செய்தேன். எச்.எம். கேட்டபோது, "ஷீட்டக் குடுத்துட்டேன் சார்" என்றேன். அது பொய் இல்லை. இப்படி மார்ச் வரை ஓட்டினோம்.

6. மே மாதம்

ரிசல்ட் வந்த அன்று ஜெயபால் சார் கணக்கு மார்க்கை வாசித்தார். ஒன்பது பேரும் பாஸ். குறைந்தது நாற்பத்தொன்று. லோகேஸ்வரி எழுபத்திரண்டு. சார் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னம்மா இது, எனக்கே ஒண்ணும் புரியலியே" என்றார். நான் சிரித்துக்கொண்டே மீதிக் கட்டங்களைப் பார்த்தேன்.

லோகேஸ்வரிக்கு சோஷியலில் இருபத்தொன்பது.

கடைசிக் கட்டத்தில் ஃபெயில் என்று இருந்தது. கணக்குக்கென்று தினமும் சாயங்காலம் உட்கார்ந்தவள் மற்றப் புத்தகங்களை எப்போது திறந்திருப்பாள்? இதை நான் ஒரு நாளாவது கேட்டேனா? கணக்கில் முப்பத்தெட்டு வாங்கி, சோஷியலிலும் முப்பத்தெட்டு வாங்கியிருந்தால் அவள் பாஸ். அந்த ஷீட்டோடு நிறுத்தியிருந்தால் அவள் பாஸ். அன்றைக்கு முழுக்க இந்தக் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தேன்.

சுந்தரத்துக்குக் கணக்கில் அறுபத்தேழு. ஒன்பதாவதில் தொண்ணூறுக்குக் கீழே வாங்காத பையன். மார்க்ஸ் கார்டு வாங்க வந்தபோது, "ஏம்பா கொறஞ்சு போச்சு?" என்று கேட்டேன். கேட்கத் தகுதியே இல்லாத கேள்வி அது. அவன் கோபமாக இல்லை. "என் பேருக்கு நேரா ஒண்ணும் எழுதலயே மிஸ்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனான். அந்த வருஷம் அவனுடைய நோட்டை நான் எத்தனை தடவை திறந்து பார்த்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

ஜூன் மாதம் லோகேஸ்வரி அக்காவோடு ஃபேக்டரி வேனில் ஏறினாள். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் சோஷியல் புத்தகத்தோடு நின்றாள்.

"மிஸ், சப்ளிமெண்டரி கட்டியிருக்கேன்."

"எனக்கு சோஷியல் தெரியாதும்மா. நான் தமிழ்நாட்டுல படிச்சவ. கடம்பர், ஹொய்சளர்லாம் எனக்கே புதுசு."

"அதனால இன்னா மிஸ். தெரியாமத்தான் கணக்கு போட்டோம்" என்றாள்.

பதினாறு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். ஐம்பத்து மூன்று வாங்கிப் பாஸானாள். அதற்குள் பி.யு.சி. அட்மிஷன் முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் அவள் அப்பா. அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை.

7. சிவாஜிநகர் பஸ்

அதற்கப்புறம் பத்துப் பதினோரு வருஷம் ஆகியிருக்கும். சிவாஜிநகரில் பஸ் ஏறினேன், ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். "தொட்ட மிஸ்!" என்றாள். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். லோகேஸ்வரி லைன் சூப்பர்வைசர் ஆகியிருந்தாள். அவளுக்குக் கீழே நாற்பது மெஷின்.

புதிதாக வரும் பெண்களுக்கு நேராகத் தையல் வராவிட்டால் மற்ற லைன்களில் நூல் வெட்டப் போட்டுவிடுவார்களாம். இவள் எடுத்த எடுப்பிலேயே காலர் தைக்கக் கொடுப்பாளாம். காலர்தான் இருப்பதிலேயே கஷ்டம்.

"அப்புறம்?" என்றேன்.

"பாதி பேரு அழுதுட்டு வேற லைனுக்கு ஓடிடுவாங்க மிஸ். பாதி பேரு அருமையா தைப்பாங்க. ஓடிப்போனவங்களுக்கு நான் நல்லது பண்ணேனா கெட்டது பண்ணேனா, கொத்தில்ல" என்று கன்னடத்தில் முடித்தாள். தெரியவில்லை என்று அர்த்தம்.

பத்து வருஷமாகக் கேட்க நினைத்ததை அப்போதுதான் கேட்டேன். "அந்த ஷீட்டோட நிறுத்தியிருந்தா நீ பாஸாயிருப்ப, இல்ல?"

"ஆயிருப்பேன் மிஸ்" என்றாள், யோசிக்கவே இல்லை.

"என்மேல கோவம் இல்லையா?"

"கொஞ்ச நாளு இருந்துச்சு. அது ஃபெயிலானதுக்கு இல்ல மிஸ். லீவு முடிஞ்சு வந்து ரைடர் நடத்துனீங்கல்ல, அப்ப போர்டுல எல்லா வரியும் எழுத ஆரம்பிச்சிட்டீங்க. ஒண்ணு விடாம. நடுவுல ரெண்டு வரி விடவே இல்ல. வாயால ஃபர்ஸ்ட் கிளாஸ்னு சொல்லுவீங்க, கை எல்லாத்தையும் எழுதும். அப்பதான் எங்களுக்குத் தெரிஞ்சுது, மிஸ்ஸும் நம்பலன்னு."

எனக்கு இது அதுவரை தெரியாது. நான் எழுதினேனா? எழுதியிருப்பேன். அவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பேன். பஸ் கூட்டத்தில் கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை தேடினேன்.

"அட, அழாதீங்க மிஸ். பிப்ரவரில ஒரு நாள், பிரிப்பரேட்டரி பரீட்சைக்கு முன்னாடி, வட்டத்துல ஒரு கணக்கு போட்டீங்க. மொத வரி எழுதுனீங்க, கடைசி வரி எழுதுனீங்க, நடுவுல விட்டுட்டு அடுத்த கணக்குக்குப் போயிட்டீங்க. நாங்க ஒம்போது பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அன்னிக்கு அந்த ரெண்டு வரியப் போட சுந்தரத்தக் கூப்டவே இல்ல."

அவளுடைய ஸ்டாப் வந்தது, இறங்கிவிட்டாள்.

அந்த பிப்ரவரி நாள் எனக்குக் கொஞ்சமும் நினைவில்லை. எப்போதிலிருந்து அவர்களை மறுபடி நம்ப ஆரம்பித்தேன் என்பது எனக்கே தெரியாமல் நடந்திருக்கிறது. அந்தத் தேதி அவர்களுக்குத்தான் தெரியும்.

அதற்கப்புறம் எந்தப் பெயருக்கு நேராகவும் எந்த எழுத்தும் நான் எழுதவில்லை. நாற்பது நோட்டையும் திறந்து பார்த்தேன், முதலில் மூன்றாவது வரிசையிலிருந்து. உயர்வாக எதிர்பார்த்தால் பிள்ளைகள் உயர்ந்துவிடுவார்கள் என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. இருபத்தொன்பதும் அறுபத்தேழும் கண்முன்னால் நிற்கின்றன. புதிய டீச்சர்களுக்கு எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். போர்டில் எழுதிவிட்டுத் திரும்புமுன், எந்த வரியை யாருக்காக விட்டீர்கள், யாருக்காக எழுதினீர்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.